ஜார்ஜ் ஓம்: பேட்டரியின் எல்லையை 1826-லேயே எழுதி வைத்த பள்ளிக்கூட வாத்தியார்

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மதுரவாயலைத் தாண்டினால் வேலப்பன்சாவடி. திருவேற்காடு கருமாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் திரும்பும் இடம். லாரி, பஸ், கல்லூரி வேன், டெலிவரி பைக் என எந்நேரமும் பரபரப்பாக இருக்கும் இதுபோன்ற சாலையோரங்களில் பேட்டரி கடைகளுக்குப் பஞ்சமில்லை. அப்படி ஒரு கடையில் வேலை பழக வரும் பையனுக்கு முதலில் சொல்லித்தரும் பாடம் ஒன்று உண்டு. பேட்டரியின் இரண்டு முனைகளிலும் ஒரே ஸ்பேனர் படக்கூடாது.

12 வோல்ட் பேட்டரி கையில் பட்டால் ஷாக் அடிக்காது. ஆனா அதே பேட்டரியின் மீது ஸ்பேனர் குறுக்கே விழுந்தால் தீப்பொறி பறக்கும், இரும்பு சிவந்துபோகும், சில நேரம் பேட்டரியே வெடிக்கும். வோல்டேஜ் மாறவில்லை. மாறியது ஒன்றே ஒன்றுதான்: குறுக்கே இருக்கும் பொருளின் மின்தடை.

இதே கணக்கு இன்று பெட்டிக்குள் மறைந்து இளைஞர்கள் சிலரின் கைக்கு வந்திருக்கிறது. வேப் எனப்படும் இ-சிகரெட்டில் புகை அதிகம் வர வேண்டும் என்பதற்காக, மின்தடை மிகக் குறைந்த காயில்களைப் போடுவார்கள். அதற்கு சப்-ஓம் என்று பெயர். ஒரு ஓமுக்கும் குறைவு என்று அர்த்தம். அந்தப் பெயரைச் சொல்கிறவர்களில் பலருக்கு, ஓம் என்பது ஒரு மனிதரின் பெயர் என்பதே தெரியாது. பேட்டரி எங்கே தோற்றுப்போகும் என்பதை முதன்முதலில் சரியாக அளந்து எழுதியவர் அவர்தான். அதற்காக அவர் கொடுத்த விலையும் கொஞ்சநஞ்சமல்ல.

யார் இந்த ஓம்?

ஜார்ஜ் சைமன் ஓம், இன்றைய ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் உள்ள எர்லாங்கன் நகரில் 1789 மார்ச் 16-ம் தேதி பிறந்தார். அப்பா யோஹான் வோல்ஃப்காங் ஓம், பூட்டுத் தொழிலாளி. அம்மா மரியா எலிசபெத், தையல்காரரின் மகள். 7 குழந்தைகள் பிறந்ததில் 3 பேர் மட்டுமே பிழைத்தனர். ஜார்ஜுக்கு 10 வயதாகும்போது அம்மாவும் இறந்துவிட்டார்.

அப்பா பெரிய படிப்பு படித்தவர் இல்லை. ஆனால் தானாகவே கணிதம், இயற்பியல், வேதியியல், தத்துவம் எல்லாவற்றையும் படித்துக்கொண்டவர். பட்டறையில் பூட்டு செய்துவிட்டு, வீட்டில் மகன்கள் ஜார்ஜுக்கும் மார்ட்டினுக்கும் அவரே பாடம் எடுத்தார். பள்ளிக்கூடத்தில் கிடைத்ததைவிட நல்ல கணிதம் அவர்களுக்கு வீட்டில்தான் கிடைத்தது. தம்பி மார்ட்டினும் பிற்காலத்தில் கணிதப் பேராசிரியர் ஆனார்.

அப்பாவிடமிருந்து ஜார்ஜுக்குக் கிடைத்த இன்னொரு சொத்து, கைவேலை. உலோகத்தை அறுக்க, தட்ட, நுணுக்கமாகப் பொருத்த அவருக்குத் தெரியும். தனக்கு வேண்டிய கருவிகளைத் தானே செய்துகொள்ளும் பழக்கம் பின்னாளில் அவரைக் காப்பாற்றியது.

கல்லூரியில் ஆட்டம், வீட்டில் சண்டை

1805-ல் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஜார்ஜ், படிப்பைவிட நடனம், பனிச்சறுக்கு, பில்லியர்ட்ஸ் என்று நேரத்தைப் போக்கினார். சிறுகச் சிறுக சேர்த்து மகனைப் படிக்க வைத்த அப்பாவுக்குக் கோபம் தலைக்கேறியது. மூன்றே செமஸ்டரில் படிப்பை நிறுத்திவிட்டு, 1806-ல் ஸ்விட்சர்லாந்தில் ஒரு பள்ளிக்குக் கணக்கு வாத்தியாராகப் போனார் ஜார்ஜ். அப்போது அவருக்கு வயது 17.

அங்கே பாடம் நடத்திக்கொண்டே, பெரிய கணித மேதைகளின் நூல்களைத் தானாகப் படித்தார். 1811-ல் ஊர் திரும்பி அதே எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். அங்கேயே கொஞ்ச காலம் பாடம் நடத்தியும் பார்த்தார். கிடைத்த வருமானம் சாப்பாட்டுக்கே போதவில்லை. பாம்பெர்க் நகரில் ஒரு சாதாரணப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார். 1816-ல் அந்தப் பள்ளியையும் மூடிவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில் அவர் எழுதிய வடிவியல் பாடநூல்தான் கைகொடுத்தது. அதைப் பிரஷ்ய மன்னருக்கு அனுப்பி வைத்தார். 1817-ல் கொலோன் நகரில் உள்ள ஜெசூட் பள்ளியில் கணிதம், இயற்பியல் ஆசிரியர் பணி கிடைத்தது. டிரிக்லே என்ற புகழ்பெற்ற கணித மேதை இங்கே அவரிடம் படித்த மாணவர். ஆனால் ஓமுக்கு முக்கியமாக அமைந்தது வேறு. அந்தப் பள்ளியில் நல்ல ஆய்வகம் இருந்தது.

முதல் கட்டுரையிலேயே சறுக்கல்

அது மின்சாரம் புதிதாக இருந்த காலம். வோல்டா 1800-ல்தான் முதல் பேட்டரியை உலகுக்கு அறிவித்திருந்தார். 1820-ல் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட், மின்சாரம் ஓடும் கம்பிக்குப் பக்கத்தில் காந்த ஊசி திரும்புவதைக் கண்டுபிடித்தார். அதன் பிறகு மின்சாரத்தை அளக்க ஒரு வழி பிறந்தது. ஊசி எவ்வளவு திரும்புகிறதோ, அவ்வளவு மின்னோட்டம்.

ஓம் எழுப்பிய கேள்வி ரொம்ப எளிமையானது. கம்பியின் நீளத்தைக் கூட்டினால் மின்னோட்டம் எவ்வளவு குறையும்? பள்ளி வேலை முடிந்த பிறகு ஆய்வகத்தில் உட்கார்ந்து அளந்தார். 1825-ல் முதல் கட்டுரையை வெளியிட்டார். அதில் இருந்த சூத்திரம் தப்பு.

கம்பியில் தப்பில்லை, பேட்டரியில்தான் கோளாறு. அந்தக் கால பேட்டரிகள் ஒரே நிலையில் நிற்கவே நிற்காது. கம்பியை இணைத்த உடனே ஒரு வேகம், கொஞ்ச நேரத்தில் வேறு வேகம். நீளமான கம்பியைப் போட்டால் ஒரு மாதிரி, குட்டைக் கம்பியைப் போட்டால் பேட்டரியே துவண்டுபோகும். ஓம் கம்பியை அளப்பதாக நினைத்துக்கொண்டு, பாதி நேரம் பேட்டரியின் தளர்ச்சியை அளந்துகொண்டிருந்தார்.

மானத்தைக் காப்பாற்ற முதல் முடிவையே பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கலாம். ஓம் அப்படிச் செய்யவில்லை. பிழையை ஒப்புக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

கொதிநீர், ஐஸ், 8 கம்பிகள்

ஆய்விதழ் ஆசிரியர் பாகெண்டார்ஃப் ஒரு யோசனை சொன்னார். பேட்டரியை விட்டுவிட்டு வெப்ப மின்னிரட்டையைப் பயன்படுத்திப் பார்க்கலாமே என்பதுதான் அது. இரண்டு வேறு உலோகங்களை இணைத்து, ஒரு இணைப்பைச் சூடாகவும் இன்னொன்றைக் குளிர்ச்சியாகவும் வைத்தால் கொஞ்சம் மின்சாரம் பிறக்கும். 1821-ல் சீபெக் கண்டுபிடித்த விஷயம் இது. மின்சாரம் மிகக் குறைவுதான். ஆனால் சூடும் குளிரும் மாறாத வரை அதுவும் மாறாது.

ஓம் பிஸ்மத் உலோகத் துண்டு ஒன்றின் இரு முனைகளிலும் செம்பை இணைத்தார். ஒரு முனையைக் கொதிநீரின் சூட்டிலும் இன்னொன்றை உருகும் பனிக்கட்டியின் குளிரிலும் வைத்தார். தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையும் பனிக்கட்டி உருகும் வெப்பநிலையும் அப்படியே நிற்கும். எனவே மின்சாரமும் ஆடாமல் நிற்கும். மெல்லிய தங்கக் கம்பியில் தொங்கவிட்ட காந்த ஊசியால் அதை அளந்தார். பூட்டுத் தொழிலாளியின் பட்டறையில் பழகிய கைக்கு இந்த நுணுக்கம் வசப்பட்டது.

பிறகு ஒரே தடிமன் உள்ள 8 செம்புக் கம்பிகளை எடுத்தார். நீளம் முறையே 2, 4, 6, 10, 18, 34, 66, 130 அங்குலம். 1826 ஜனவரியில் ஒவ்வொன்றாக இணைத்து, திரும்பத் திரும்ப அளந்தார். இந்த முறை எண்கள் அழகாக ஒரு கோட்டில் வந்து உட்கார்ந்தன.

பள்ளிக்கூடம் மறந்துபோன அந்த இன்னொரு எழுத்து

இன்று 10-ம் வகுப்பில் ஓம் விதி எப்படிச் சொல்லித்தரப்படுகிறது? வோல்டேஜை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம். அவ்ளோதான்.

ஓம் 1826-ல் எழுதியது இதைவிடக் கொஞ்சம் பெரியது. அவருடைய சூத்திரத்தில் வகுக்கும் இடத்தில் ஒன்றல்ல, இரண்டு எண்கள் இருந்தன. ஒன்று, வெளியே இணைத்த கம்பியின் நீளம். இன்னொன்று, மின்சாரம் தரும் கருவியும் மற்ற இணைப்புகளும் சேர்ந்து போடும் தடை. வெளியே என்ன கம்பியை மாற்றினாலும் அந்த இரண்டாவது எண் மாறவில்லை. சூட்டைக் குறைத்து மின் விசையைக் குறைத்தாலும் அது மாறவில்லை.

அதாவது, மின்சாரம் தரும் கருவிக்கு உள்ளேயே ஒரு தடை இருக்கிறது. இன்றைய பாடநூல்கள் அதை அகமின்தடை என்கின்றன. 1825-ல் ஓமை ஏமாற்றியதில் அதற்கும் பங்கு உண்டு. அதைச் சூத்திரத்துக்குள் கொண்டுவந்த பிறகுதான் கணக்கு நேரானது.

இன்று பேட்டரி ஏன் சூடாகிறது என்ற கேள்விக்கான பதில் இந்த எழுத்தில்தான் இருக்கிறது.

காயில் கணக்கு: என்ன நடக்கிறது?

வேப், டார்ச் லைட், பவர் டூல், மின் ஸ்கூட்டர் எனப் பலவற்றில் இருக்கும் ஒரு செல்லை எடுத்துக்கொள்ளலாம். 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட இதை 18650 என்பார்கள். முழு சார்ஜில் 4.2 வோல்ட். நல்ல புது செல்லின் அகமின்தடை 0.02 ஓம் என்று வைத்துக்கொள்வோம்.

1 ஓம் காயில் போட்டால், மொத்தத் தடை 1.02 ஓம். மின்னோட்டம் சுமார் 4 ஆம்பியர். செல்லுக்கு உள்ளே உருவாகும் வெப்பம் 0.34 வாட். கையில் தெரியவே தெரியாது.

அதே செல்லில் 0.1 ஓம் காயில் போட்டால், மொத்தத் தடை 0.12 ஓம். மின்னோட்டம் 35 ஆம்பியர். செல்லுக்கு உள்ளே உருவாகும் வெப்பம் 24.5 வாட். முந்தையதைவிட சுமார் 72 மடங்கு.

காயிலின் தடை 10-ல் ஒரு பங்காகத்தான் குறைந்தது. செல்லுக்குள் சூடு மட்டும் ஏன் 72 மடங்கு? இங்கேதான் இங்கிலாந்தின் ஜூல் வருகிறார். மின்னோட்டம் இரட்டிப்பானால் வெப்பம் நான்கு மடங்காகும் என்பதை அவர் 1840-களின் தொடக்கத்தில், ஓம் உயிரோடு இருந்தபோதே காட்டிவிட்டார். சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பிடித்துக்கொண்டு ஏறும்.

இப்போது பழைய செல்லைப் பாருங்கள். பயன்படுத்தப் பயன்படுத்த அகமின்தடை ஏறும். 0.06 ஓம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொண்டு அதே 0.1 ஓம் காயிலைப் போட்டால், மின்னோட்டம் 26 ஆம்பியராகக் குறைகிறது. பார்க்கப் பாதுகாப்பு கூடியதுபோலத் தோன்றும். ஆனால் செல்லுக்குள் வெப்பம் 41 வாட்டாக ஏறிவிடுகிறது. புகை குறைந்துவிட்டதே என்று காயிலின் தடையை இன்னும் குறைக்கிறவர், தளர்ந்துபோன செல்லை மேலும் வதைக்கிறார்.

ஸ்பேனர் மாதிரி வெளியே தடையே இல்லாவிட்டால்? அப்போது மொத்தச் சூடும் செல்லுக்குள்தான். புது செல் என்றால் கணக்குப்படி ஒரு கணத்துக்கு 200 ஆம்பியருக்கு மேல். கழற்றிய செல்லைச் சாவிக்கொத்தோ சில்லறைக் காசோ கிடக்கும் பேன்ட் பாக்கெட்டில் போடக்கூடாது என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

எல்லை எங்கே எழுதியிருக்கிறது?

ஒவ்வொரு செல்லுக்கும் தொடர்ச்சியாக எவ்வளவு ஆம்பியர் எடுக்கலாம் என்று தயாரிப்பாளர் ஒரு வரம்பு வைத்திருப்பார். பவர் டூலுக்காகச் செய்த செல்களில் அது 20 முதல் 30 ஆம்பியர் வரை இருக்கும். பழைய லேப்டாப்பிலிருந்து பிரித்தெடுத்த செல்களில் பெரும்பாலும் 10-க்கும் கீழே. இரண்டும் வெளியே பார்க்க ஒரே அளவு, ஒரே வடிவம். கண்ணால் பார்த்துப் பிரிக்கவே முடியாது.

உறையில் அச்சிட்ட எண்ணையும் அப்படியே நம்ப முடியாது. 18650 அளவு செல்லில் நல்ல நிறுவனங்கள் தருவதே பெரும்பாலும் 3,500 மில்லி ஆம்பியர் மணியை ஒட்டித்தான். ஆனால் 9,900 என்று அச்சிட்ட செல்களும் சந்தையில் உண்டு. கொள்ளளவில் பொய் சொல்கிறவர், ஆம்பியர் வரம்பில் மட்டும் உண்மை சொல்வார் என்று எதிர்பார்க்க முடியாது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சில கருவிகள் எவ்வளவு வாட் என்று முடிவு செய்து வைத்துக்கொண்டு, அதை மாறாமல் கொடுக்கும். 80 வாட் வேண்டும் என்றால், முழு சார்ஜில் 19 ஆம்பியர் போதும். சார்ஜ் இறங்கி 3.2 வோல்ட் ஆகும்போது அதே 80 வாட்டுக்கு 25 ஆம்பியர் தேவை. சார்ஜ் தீரும் நேரத்தில்தான் செல்லுக்குச் சுமை அதிகம். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வரம்பைத் தாண்டினால் உடனே வெடித்துவிடாது. அதுதான் ஆபத்தே. சில முறை ஒன்றும் ஆகாது, தைரியம் வரும். உள்ளே நேர்முனையையும் எதிர்முனையையும் பிரிக்கும் மெல்லிய பிளாஸ்டிக் படலம் சூட்டில் இளகினால், இரண்டும் உள்ளேயே தொட்டுக்கொள்ளும். அதன் பிறகு ஸ்விட்சை அணைத்தாலும் பயனில்லை. ஒரு சூடு அடுத்த வேதி வினையைத் தூண்ட, அது இன்னும் சூட்டைக் கிளப்ப, சில நொடிகளில் தீப்பிழம்பு. உலோகக் குழாய்க்குள் அடைபட்டிருந்தால் அது வெடிகுண்டுக்குச் சமம். 2018 மே மாதம் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் வேப் கருவி வெடித்து ஒருவர் இறந்தார். 2019 ஜனவரியில் டெக்சாஸில் 24 வயது இளைஞர் ஒருவர் இறந்தார்.

புத்தகம் வந்தது, வேலை போனது

கொலோனில் சரியான விடை கிடைத்ததும் ஓமுக்குப் பெரிய நம்பிக்கை வந்தது. பாதிச் சம்பளத்தில் ஒரு வருட விடுப்பு எடுத்துக்கொண்டு, தம்பி மார்ட்டின் இருந்த பெர்லினுக்குப் போனார். 1827-ல் தன் கண்டுபிடிப்பை முழுக் கணிதத்தோடு புத்தகமாக வெளியிட்டார். வெப்பம் ஒரு உலோகக் கம்பியில் பரவுவதை பிரான்ஸின் ஃபூரியே 1822-ல் கணக்காக எழுதியிருந்தார். மின்சாரமும் அதே மாதிரிதான் பாய்கிறது என்றது ஓமின் புத்தகம்.

இதைப் பார்த்துப் பல்கலைக்கழகத்தில் வேலை கொடுப்பார்கள் என்று எதிர்பார்த்தார். யாரும் கூப்பிடவில்லை.

அன்றைய ஜெர்மன் இயற்பியலில் கணிதத்துக்குப் பெரிய இடம் இல்லை. பெர்லினில் ஹெகலின் தத்துவம் கொடிகட்டிப் பறந்தது. இயற்கையைச் சிந்தனையால் உணர வேண்டும், எண்களில் அடைப்பது மலிவான வேலை என்ற மனநிலை பலரிடம் இருந்தது. அந்த முகாமைச் சேர்ந்த போல் என்ற பேராசிரியர் ஓமின் புத்தகத்தைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். ஆதரித்தவர்கள் ஃபெக்னர் போன்ற சிலர்தான்.

மனமொடிந்த ஓம், 1828-ல் கொலோன் பள்ளி வேலையை ராஜினாமா செய்தார். அப்போது அவருக்கு 39 வயது. கல்யாணம் ஆகவில்லை. கடைசி வரை ஆகவும் இல்லை. பெர்லினில் ராணுவப் பள்ளி ஒன்றில் வாரத்துக்குச் சில மணி நேரம் கணக்குச் சொல்லிக்கொடுத்து நாளை ஓட்டினார். மின்சாரத்தின் அடிப்படை விதியை எழுதியவர், ஐந்து வருடம் நிரந்தர வேலை இல்லாமல் இருந்தார்.

இங்கே கவனிக்க ஒரு விஷயம் உண்டு. ஓமுக்கு முன்பே, 1781 வாக்கில், இங்கிலாந்தின் ஹென்றி கேவண்டிஷ் கிட்டத்தட்ட இதே உறவைக் கண்டுபிடித்திருந்தார். அப்போது கால்வனாமீட்டர் கிடையாது. தன் உடம்பிலேயே ஷாக் வாங்கி, எது பலமாக அடிக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தவர் அவர். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. அவருடைய குறிப்புகளை மேக்ஸ்வெல் பதிப்பித்து வெளியிட்டது 1879-ல். ஓம் ஊர் அறியச் சொன்னார். அதற்கான அடியையும் வாங்கினார்.

லண்டனிலிருந்து வந்த பதக்கம்

1833-ல் நியூரம்பெர்க் பாலிடெக்னிக்கில் பேராசிரியர் வேலை கிடைத்தது. வயிற்றுப்பாட்டுக்குக் கவலை தீர்ந்தது, அவ்வளவே. பெயர் மாற்றியது வெளிநாடுதான். தந்திக் கம்பிகள் நீளத் தொடங்கிய காலம் அது. மைல் கணக்கில் கம்பி போட்டால் மறுமுனையில் எவ்வளவு மின்சாரம் வரும் என்று தெரியாமல் யாராலும் வேலை செய்ய முடியாது. தத்துவம் பேசினால் தந்தி போகாது. ஓமின் கணக்கைப் போட்டால்தான் போகும்.

1841-ல் லண்டன் ராயல் சொசைட்டி தன் உயரிய விருதான காப்ளி பதக்கத்தை ஓமுக்கு வழங்கியது. அடுத்த ஆண்டு வெளிநாட்டு உறுப்பினராகவும் சேர்த்துக்கொண்டது. அதன் பிறகே சொந்த நாட்டுக்கும் கண் திறந்தது. 1845-ல் பவேரிய அறிவியல் கழகம் அவரை முழு உறுப்பினராக்கியது. 1849-ல் மியூனிக் நகருக்கு அழைக்கப்பட்டார்.

1852-ல் மியூனிக் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் நாற்காலி அவருக்குக் கிடைத்தது. இளம் வயது முதல் அவர் ஆசைப்பட்டது அந்த நாற்காலிக்குத்தான். அதில் உட்கார்ந்தபோது அவருக்கு வயது 63. இரண்டே ஆண்டுகள். 1854 ஜூலை 6-ம் தேதி மியூனிக்கில் காலமானார். 1881-ல் பாரிஸில் கூடிய சர்வதேச மின்னியல் மாநாடு, மின்தடையின் அலகுக்கு ஓம் என்று பெயர் சூட்டியது.

இங்கே சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாடு அரசு இ-சிகரெட்டை 2018-லேயே தடை செய்தது. 2019 செப்டம்பரில் மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அது முழுச் சட்டமானது. உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விநியோகம், சேமிப்பு, விளம்பரம் எல்லாமே குற்றம். முதல் முறை விற்றுப் பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி பிடிபட்டால் மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம்.

தடை நிகோடினுக்காக வந்தது, பேட்டரிக்காக அல்ல. ஆனால் தடைக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. கள்ளத்தனமாக வரும் கருவிக்குத் தரச்சான்று இருக்காது, பில் இருக்காது, வெடித்தால் கேட்க ஆள் இருக்காது. ஹாஸ்டல் அறையில் மறைத்து வைத்து, மறைத்து சார்ஜ் போடுகிறவர், செல் வீங்கினாலும் யாரிடமும் காட்ட மாட்டார்.

செல்லின் எல்லை வேப் பிடிக்கிறவருக்கு மட்டும் உரியது இல்லை. 2022 மார்ச் இறுதியில் வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் சிக்கி தந்தையும் மகளும் உயிரிழந்தனர். அந்த ஆண்டு நாட்டின் பல இடங்களில் மின் ஸ்கூட்டர்கள் எரிந்த பிறகு, ஏ.ஐ.எஸ். 156 என்ற பேட்டரிப் பாதுகாப்பு விதிகளை மத்திய அரசு இறுக்கியது. 2022 டிசம்பர், 2023 மார்ச் என இரண்டு கட்டங்களாக அவை அமலுக்கு வந்தன. மின்னோட்டத்தையும் சூட்டையும் கண்காணித்துத் துண்டிக்கும் சர்க்யூட், செல்களுக்கு இடையே இடைவெளி போன்றவை அதில் கட்டாயம். மேற்குச் சென்னையில் இரவும் பகலும் ஓடும் டெலிவரி ஸ்கூட்டர்களுக்கும் இது பொருந்தும்.

என்ன செய்யலாம்?

செல்லின் மேல் உறை கிழிந்திருந்தால் பயன்படுத்த வேண்டாம். அந்த உறைதான் இரு முனைகளும் தொட்டுக்கொள்ளாமல் காக்கிறது. கழற்றிய செல்லைத் தனிப் பிளாஸ்டிக் டப்பாவில் மட்டும் வைக்கவும். பழைய செல்லையும் புதிய செல்லையும் சேர்த்துப் போட வேண்டாம், அகமின்தடை வேறுபட்டால் சுமை சமமாகப் பிரியாது. வீங்கிய, வழக்கத்தைவிடச் சூடாகும், இனிப்பான ரசாயன வாடை வரும் செல்லை சார்ஜிலிருந்து எடுத்து, எரியும் பொருள் இல்லாத இடத்தில் திறந்தவெளியில் வைக்கவும். தலையணைக்கு அடியில், கட்டில் மேல், வெளியேறும் வாசலை மறைத்தபடி எதையும் சார்ஜ் போட வேண்டாம். சர்க்யூட் பாதுகாப்பை நீக்கிவிட்டு நேரடியாக இணைத்தால் நன்றாக வேலை செய்யும் என்று யாராவது சொன்னால், அவர் சொல்வது ஒரு கணக்கில் உண்மைதான். ஸ்பேனரும் அப்படித்தான் வேலை செய்கிறது.

1825-ல் ஓம் செய்த தப்பு, வெளியே இருக்கும் கம்பியை மட்டும் பார்த்து, உள்ளே தளர்ந்துகொண்டிருந்த பேட்டரியைக் கவனிக்காமல் விட்டது. அவருக்கு அதனால் போனது ஒரு கட்டுரை. அடுத்த ஜனவரிக்குள் திருத்திக்கொண்டார். காயிலை மட்டும் பார்த்து செல்லை மறந்துவிடுகிறவருக்கு அந்த இரண்டாவது வாய்ப்பு கிடைக்கும் என்று சொல்ல முடியாது.